வயிற்று வலி என்று சொல்லாதே

தம்பி,

அப்பா எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். உனக்குப் பெயர் வைத்ததே ரேஷன் கார்டுக்காகத்தான் என்று உன் அம்மா சொல்வாள். இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயர் வராது. நீ படித்துவிட்டுச் சரி என்றால் இதை இன்னும் நாலு பேர் படிக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அதனால்தான். நீ வேண்டாம் என்றால் இது உனக்கும் எனக்கும் மட்டும். என் கையெழுத்தைப் பார்த்து யாரும் திருடிப் படிக்கப் போவதில்லை. மெடிக்கல் ஷாப்காரர் ஒருவரால்தான் அதைப் படிக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை போன் போட்டபோது குரல் ஏண்டா இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வயித்து வலிப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றாய். பொங்கலுக்கு வராததற்கும் வயிற்று வலி. தீபாவளிக்கு வந்தபோது அம்மா வைத்த கறிக்குழம்பைத் தொடாமல் எழுந்து போனதற்கும் வயிற்று வலி. வைகாசியில் எனக்கு அறுபது முடிகிறதே, திருக்கடையூரில் செய்துவிடலாமா என்று கேட்டதற்கு, "நீங்க பண்ணிக்கங்கப்பா, நான் இருக்கறனோ இல்லையோ" என்றாய். உடனே, "லீவு கிடைக்குமோ என்னமோன்னு சொன்னேன்" என்று திருத்தினாய். போன வாரம் உன் சித்தி மகன் உன் பைக்கில் வந்து வாசலில் இறங்கினான். "அண்ணன் எனக்கே குடுத்துட்டாங்க பெரியப்பா, ஓசூர்லேருந்து லாரி பார்சல்ல போட்டு அனுப்பிட்டாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த பைக் வாங்கிய புதிதில் நான் ஏறினால் ஷாக் அப்சார்பர் போய்விடும் என்று என்னைப் பின்னால் ஏற்றாதவன் நீ. அவன் போன பிறகு நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மா வந்து என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம்.

நான் பயந்துபோய் இருக்கிறேன் தம்பி. மழைக்கும் பாம்புக்கும் பயப்படுகிறவன்தான் நான், கடன்காரனைக் கண்டால் கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறவன்தான். ஆனால் இந்தப் பயம் அந்த ஜாதி இல்லை. உனக்கு வயிற்று வலி இருக்கலாம். இருந்தால் நல்லது, நானே உன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்கிறேன். ஆனால் நம் பக்கத்தில் வயிற்று வலி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் பெரியவர்கள் சேர்ந்து பிள்ளைகளிடம் மறைத்துவைத்த விஷயம் அது.

மேலத்தெரு சேகரை உனக்கு நினைவிருக்கும். நம் வயலுக்கு அடுத்த வயல்காரன். நீ சின்ன வயதில் அவனுடைய டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அழுவாய். அவன் தன் உயிரைத் தானே விட்டுப் போனவன். அப்படி ஒருவர் போனால், போலீஸ் வந்து ஊரில் நாலைந்து ஆண்களை உட்காரவைத்து, என்ன காரணம் என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கும். பஞ்சாயத்தார் என்று எங்களுக்குப் பெயர். அன்றைக்கு நானும் ஒரு பஞ்சாயத்தார். எழுத வந்த போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க, என்ன காரணம்?" என்றார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாதக்கணக்கில் அவன் தூங்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சேகருக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு பெண். அவள் கதவோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போலீஸ்காரரே, "வயித்து வலின்னு போட்டுறவா?" என்றார். "ஆமாங்கய்யா, ரொம்ப நாளா வயித்து வலிதாங்க" என்று நாங்கள் அத்தனை பேரும் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி பேச ஆரம்பித்தோம். தீராத வயிற்று வலி என்று எழுதினார். கையெழுத்துப் போட்டோம். சேகருடைய வயிறு கல்லைப் போட்டாலும் செரிக்கிற வயிறு.

இது அவன் ஒருவனுக்கு நடந்தது இல்லை. நம் பக்கத்துப் பேப்பரைப் பிரித்துப் பார், யாராவது ஒருவர் தீராத வயிற்று வலியால் போயிருப்பார். அது பொய் என்று எழுதியவருக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். ஆனால் அதுதான் மரியாதை. குடும்பத்துக்குப் பேர் கெடக்கூடாது, பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும், கேஸ் கீஸ் என்று யாரும் அலையக்கூடாது. எல்லாம் நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தின் விலை என்ன என்பது என் முறை வந்தபோதுதான் தெரிந்தது.

ஆமாம், என் முறை. போன வருஷம் சம்பா அறுப்புக்குப் பிறகு அப்பாவுக்கு வயிறு சரியில்லை, தஞ்சாவூரில் வைத்துப் பார்த்தோம் என்று அம்மா உனக்கு போனில் சொன்னாளே, அது வயிறு இல்லை. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனைந்து முளைத்தது, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஊரில் எல்லோருடைய நெல்லும்தான் நனைந்தது. அவர்களெல்லாம் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். எனக்கு மட்டும் தூக்கம் போயிற்று. காலையில் எழுந்தால் பல் தேய்க்கக் கை வரவில்லை. டீக்கடையில் நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் நான், அது உனக்குத் தெரியும். அந்த டீக்கடையைத் தாண்ட முடியாமல் வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். என்னண்ணே ஆளையே காணோம் என்று ஒருவன் கேட்டான். என் வாயில் தானாக வந்தது: "வயித்து வலிடா."

சொல்லிவிட்டேனா, அவ்வளவுதான், ஊரே என் வயிற்றைத் தத்தெடுத்துக்கொண்டது. ஒருவர் மணத்தக்காளி வற்றல் கொண்டுவந்தார். ஒருவர் வெறும் வயிற்றில் மோர் என்றார், இன்னொருவர் மோர்தான் எமன் என்றார். உன் அத்தை குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு என் இடுப்பில் ஒரு கயிறு கட்டினாள். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போய் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், அதைச் சொல்லாமல் இருப்பதற்காக ஒரு முழக் குழாயை விழுங்கினேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வயிறு இருபது வயசுப் பையன் வயிறு மாதிரி இருக்குங்க" என்றார். உன் அம்மா சந்தோஷத்தில் அழுதாள். எனக்கோ இனிமேல் சொல்வதற்கு வயிறும் இல்லை. டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "மனசுல ஏதாவது கவலை இருக்குங்களா?" என்றார். கதவு திறந்து கிடந்தது, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். "கவலையா, எனக்கா? என்னால மத்தவங்களுக்கு வேணா கவலை வரும்" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட வராமல் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று விவரமாக எழுத மாட்டேன். எழுத வேண்டியது உன் அம்மாவைப் பற்றித்தான். அவள் வெயிலில் நடந்து வந்தாள். வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"டாக்டரு உங்க வயிறு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. அப்ப எது நல்லால்ல?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

"செத்துப் போயிடலாம்னு இருக்கா?"

முப்பது வருஷமாக என்னிடம் உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். அந்தக் குரலுக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன். நான் அப்படிச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள், ஊரைக் கூட்டுவாள் என்றுதான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி. எந்திரிங்க. எனக்குப் பசிக்குது, நீங்க இல்லாம நான் சாப்பிடல" என்றாள். வயலுக்கு அடிக்கிற மருந்து எதுவும் அன்றைக்குப் பிறகு நம் வீட்டில் தங்குவதில்லை. தேவைப்படுகிற நாளில் தேவைப்படுகிற அளவுக்கு அடிக்கிற ஆளே கொண்டுவருவார், மிச்சத்தை அவரே கொண்டுபோவார். அவள் போட்ட சட்டம் அது, இன்றுவரை மாறவில்லை.

மறுநாள் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல ஆலோசனை, வியாழக்கிழமை என்று நல்ல பெரிய போர்டு. நாங்கள் போனதும் வியாழக்கிழமைதான். சீட்டு கொடுக்கிற பெண், "டாக்டரம்மா இன்னிக்குக் கேம்ப்புக்குப் போயிருக்காங்க, அடுத்த வியாழன் வாங்க" என்றாள்.

"போர்டுல இன்னிக்குன்னு போட்டிருக்கே."

"போர்டு இருக்குங்கம்மா, அவங்கதான் இல்ல. இத்தன ஆஸ்பத்திரிக்கும் ஒருத்தங்களே போகணும், அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க. இவருக்கு என்ன பண்ணுது?"

நான் வயிறு என்று ஆரம்பித்தேன். அதற்குள் உன் அம்மா, "சாகணும்னு சொல்றாரு. அடுத்த வியாழன் வரைக்கும் தாங்குமான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். என் வாழ்க்கையில் ஒரு வரிசையில் முதலிடம் கிடைத்தது அன்றைக்குத்தான், அதுவும் டாக்டர் இல்லாத அறைக்கு முன்னால். டூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து பிரஷர் பார்த்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதை மறைக்கவும் தெரியவில்லை. "இதுக்கு இங்க பெட் இல்லீங்க. தஞ்சாவூர் போயிடுங்க, இன்னிக்கே போங்க" என்றார். ஆம்புலன்ஸ் எல்லாம் இல்லை, பஸ்ஸில்தான் போனோம். உன் அம்மா என் துண்டின் ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவள் விடவே இல்லை. தஞ்சாவூரில் என்னைச் சேர்த்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார்கள். பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்பதுதான். வயிற்றுக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. வராதவங்கதான் ஜாஸ்தி" என்றார்.

மாத்திரை ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் பசி என்று ஒன்று வந்தது. ஆனால் மாத்திரையைத் தொடர்வது இருக்கிறதே, அது தனி விவசாயம். தாலுகாவில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். தாலுகாவில் ஒரு மாதம் இருக்கும், மறு மாதம் கேட்டு எழுதியிருக்கிறோம் என்பார்கள். உன் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண்ணிடம், எனக்கும் ஒரு மாத்திரை உண்டு, இதோடு சேர்த்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க லிஸ்ட்ல இல்லீங்கய்யா" என்றாள். பிரஷர் ஏறினால் அரசாங்கம் வீடு தேடி வருகிறது, மனது இறங்கினால் நான்தான் அரசாங்கத்தைத் தேடி இரண்டு பஸ் மாற வேண்டும். நடவு நாளில் போகவில்லையென்றால் மாத்திரை விட்டுப்போகும். விட்டுப்போனவர் என்ன ஆனார் என்று யாரும் வீட்டுக்கு வந்து கேட்டதில்லை. மழையில் ரோடு அறுந்து போன ஒரு நாள் உதவிக்கென்று இருக்கிற எண்ணுக்கு போன் போட்டேன். ஒரு பெண் அழகாகத் தமிழில் பேசினாள், நான் சொல்வதை அவசரப்படாமல் கேட்டாள், அன்றைய பொழுது அவளால்தான் போயிற்று. கடைசியில், "பக்கத்துல இருக்கற மனநல டாக்டரப் போய்ப் பாருங்க சார்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கம் என்பது எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது.

டெல்லியில் இதற்கென்று தேசிய அளவில் ஒரு திட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். கூட்டுறவு சொசைட்டி செக்ரட்டரியைப் பிடித்து அதை என் போனில் இறக்கி வாங்கினேன். எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் பத்தாவதோடு நின்றது என்பது உனக்குத் தெரியும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எனக்குத் தெரிந்த வார்த்தைகளாகப் பொறுக்கிப் படித்தேன். மாவட்டந்தோறும் இதற்குப் புறநோயாளிப் பிரிவு வேண்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும், பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது, கணக்கைச் சரியாக எடுக்க வேண்டும். எல்லாம் நல்ல வார்த்தைகள். யார் செய்வது, எந்தப் பணத்தில், எந்த ஆளை வைத்து என்று தேடினேன், என் இங்கிலீஷுக்கு அகப்படவில்லை. மாவட்டம் என்பது டெல்லியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. நம் ஊரிலிருந்து பார்த்தால் ஒரு நாள் கூலி, இரண்டு பஸ், கூட வர ஒரு ஆள். தானாகப் போக முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்கு உதவி செய்வதுதான் அரசாங்கத்தின் கடமை என்று சட்டமே மாறிவிட்டதாம். அந்த விஷயம் எங்கள் டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, அங்கே இன்னும் கேஸ் போடுவான் என்றுதான் பேசுகிறார்கள். அதற்குப் பயந்துதான் வயிற்று வலி. கணக்கெடுக்கிறவர்கள் அந்த வயிற்று வலியைத்தான் நோய் என்கிற கட்டத்தில் கூட்டி டெல்லிக்கு அனுப்புகிறார்கள். அதைப் பார்க்கிற ஆபீசருக்கு, டெல்டாவுக்கு வேண்டியது குடல் டாக்டர்கள் என்றுதானே தோன்றும். நாங்கள் பஞ்சாயத்தார் உட்கார்ந்து ஒளித்த ஆட்களை அவர்கள் எந்தப் பட்டியலில் போய்த் தேடுவார்கள்?

இந்த இடத்தில் உன் அம்மா வந்து, இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தாள்.

"எல்லாஞ் சரி. டெல்லியக் கேட்டுட்டீங்க, ஆஸ்பத்திரியக் கேட்டுட்டீங்க. பெத்த புள்ளையக் கேட்டீங்களா?"

"அதுக்குத்தான் வந்துகிட்டிருக்கேன். ஒரேயடியா எப்படிக் கேக்கறது, அடுத்த பக்கத்துல…"

"அடுத்த பக்கம் ஓசூர் போய்ச் சேர்றதுக்குள்ள…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீங்க எழுத உக்காந்ததே கேக்காம இருக்கறதுக்குத்தான். போனப் போடுங்க" என்றாள்.

என்னை அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

மீதியைத் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் கையெழுத்து இன்னும் மோசம், பொறுத்துக்கொள். போனில் நீ பேசியது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். முதல் தடவை மணி அடித்து நின்றது. நீ எடுக்கவில்லை. உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நீ எடுத்து "சொல்லுங்கப்பா" என்றபோது, நான் கேட்க வேண்டியதை மறந்துவிட்டு "சாப்பிட்டியா" என்றேன். உன் அம்மா என்னை முறைத்த முறைப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம்தான் கேட்டேன். "தம்பி, வயித்து வலியெல்லாம் அப்பாவே சொல்லியிருக்கேன். சாகணும்னு தோணுதாடா?"

உன் பக்கத்திலிருந்து ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று உன் அம்மா ஜாடை காட்டினாள். இல்லை என்று தலையாட்டினேன். "யாருப்பா சொன்னா?" என்றாய். யாரும் சொல்லவில்லை என்றேன். அப்புறம் "ஆமாப்பா" என்றாய்.

அந்த வார்த்தையைக் கேட்டால் நான் அப்படியே விழுந்துவிடுவேன் என்று நினைத்துத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். விழவில்லை. சொல்லப்போனால், பைக் வந்த நாளிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. உன்னிடம் ஏன், எதனால், யாரால் என்று கேட்கவில்லை, கவனித்தாயா? இனிமேலும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். எனக்கே காரணம் தெரியாமல்தான் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன், உன்னோடு அறையில் தங்கியிருக்கிற ரியாஸ் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான் என்றாய். நான் அவனோடு பேசலாமா என்று கேட்டபோது நீ கொஞ்சம் தயங்கி, சரி என்றாயே, நீ எனக்குச் செய்த பெரிய உதவி அது. இந்த போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவளுடைய போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். அதிராம்பட்டினத்துப் பையன் கத்திப் பேசுவான் என்று கேலி செய்வேன் அல்லவா, இன்றைக்கு அவன் குரலே எழும்பவில்லை. "மாமா, எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு மாமா, கேட்டா வயித்து வலிம்பான். நான் கம்பெனி கேட்டுலதான் நிக்கிறேன், இப்பவே திரும்புறேன்" என்றான். அவன் உன் அறைக்குள் வந்து, "வந்துட்டேன் மாமா, இங்கனதான் இருக்கேன், எங்கயும் போமாட்டேன்" என்று சொல்கிறவரை உன் அம்மா உன்னிடம் பேச்சை விடவில்லை. என்ன பேசினாளோ, கடைசியில் உன்னைக் கஞ்சி வைத்துக் குடிக்க வைத்துவிட்டாள்.

இந்த விஷயத்தில் நான் உனக்கு சீனியர், அதனால் சொல்கிறேன். ரியாஸ் விசாரித்துவிட்டான், அங்கே உங்களுக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறாராம். எங்களுக்குப் போக மனது வந்தபோது டாக்டர் இல்லை. உனக்கு டாக்டர் இருக்கிறார், மனது நாளைக்கு வராமல் போகலாம். வராவிட்டாலும் போவோம். அவர் என்ன செய்கிறது என்று கேட்டால் வயிறு என்று ஆரம்பிக்காதே, என்னிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொல். மாத்திரை கொடுத்தால் அது யூரியா போட்ட மாதிரி உடனே பச்சை காட்டாது, நாளாகும், அதற்குள் விட்டுவிடாதே. நடுவில் ஒரு நாள் ரொம்ப மோசமாக இருக்கும், எனக்கு இருந்தது. அப்படி வந்தால் யாரிடமாவது வாயைத் திறந்து சொல். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் ரியாஸிடம், அவனிடமும் முடியாவிட்டால் போனில் அந்தப் பெண்ணிடம். சொல்லச் சொல்ல அது சின்னதாகும் என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த மணி நேரம் போகும். அந்த மணி நேரம் போவதுதான் முக்கியம்.

ஊர் படிக்க வேண்டும் என்று சொன்னது உனக்காக இல்லை. இந்த மாதமும் எங்காவது ஒரு வீட்டில் போலீஸ்காரர் பேனா மூடியைக் கழற்றுவார், நாலு பஞ்சாயத்தார் தரையைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்திருந்தால் உண்மையைச் சொல்வார், அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறவர்களை யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்ற ஆசைதான். என்னை உட்காரவைத்தால் இனிமேல் நான் அந்த இரண்டு வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒரு நிரந்தர டாக்டரும், வீட்டுக்கு வருகிற லிஸ்டில் எங்கள் மாத்திரையும் கேட்டு கலெக்டருக்கு மனு எழுதப் போகிறேன். என் கையெழுத்தை அவர் படிக்க வேண்டுமே என்பதுதான் கவலை, நீ தேறிய பிறகு டைப் அடித்துக் கொடு. அவசரமில்லை.

சேலம் பஸ் வந்துவிட்டது. உன் அம்மா ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டாள், அங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். ஏறி உட்கார்ந்ததும் இந்தப் பக்கங்களை போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே மாறி, எப்படியும் நாளைக்குப் பொழுது விடிவதற்குள் உன் வாசலில் நிற்போம். எங்களுக்காகக் குளித்திருக்க வேண்டாம். அறையைக் கூட்ட வேண்டாம். எங்களைப் பார்த்ததும் சிரித்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கதவை மட்டும் திற, தம்பி.

அப்பா